ஊசியில் ஒட்டியிருந்த கால்

மூன்று வருடங்களுக்கு முன்னால், தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஓசூரில் நான் வேலை பார்க்கும் தனியார் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் தொடங்கியது இது. இதை நான் முழுதாக இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்கே முக்கால்வாசிதான் தெரியும்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். ஆறு வருடம் ஓடிவிட்டது. இரண்டு முறை அவகாசம் நீட்டி வாங்கியாயிற்று. மூன்றாவது முறை முடியவே முடியாது என்று பல்கலைக்கழகத்தில் கையை விரித்துவிட்டார்கள். ஜனவரி கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அதாவது, என் கையில் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

என் ஆய்வு கோப்பிபாட் என்ற நீர்வாழ் உயிரைப் பற்றியது. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். நம் ஏரி, குளங்களில் கோடிக்கணக்கில் இருப்பதுதான். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். அளவு மட்டும் ஒரு மில்லிமீட்டர். குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், வெட்டி வெட்டித் துள்ளும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மீன்குஞ்சுகள் அதைத் தின்றுதான் வளர்கின்றன. கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி என்று ஊர் ஊராக ஏரிகளில் வலையை இழுத்து, எந்த ஏரியில் எந்த இனம் இருக்கிறது என்று பட்டியல் போடுவதுதான் என் வேலை.

இனம் கண்டுபிடிப்பது லேசில்லை. பெண் கோப்பிபாட்கள் எல்லாம் பார்க்க ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். ஆணைப் பிடித்து, அதன் ஐந்தாவது ஜோடிக் காலைத் தனியாகக் கழற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கணு எங்கே இருக்கிறது, நுனிக் கொக்கி எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்துத்தான் இது இன்னது என்று சொல்ல முடியும். அந்தக் கால் இல்லையென்றால் பேச்சே இல்லை.

வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம், ஒரு மாந்தோப்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கும் சின்னக் குட்டை. கார்த்திகையில் அங்கே எடுத்த தண்ணீரில் எங்கும் கிடைக்கிற சாதாரண இனம் ஏராளமாக இருந்தது. அதற்கு நடுவில் வித்தியாசமாக ஒரே ஒரு ஆண். அதன் வலது உணர்கொம்பில், ஆண்களுக்கு வழக்கமாக இருக்கும் மடிப்பு இல்லை. ஐந்தாம் காலின் கொக்கி குட்டையாக, மொண்ணையாக இருந்தது. புத்தகங்களைப் புரட்டினேன். அப்படி ஒன்று எங்கேயும் இல்லை. வேறு ஊரில் இருக்கும் என் வழிகாட்டிக்குப் படம் அனுப்பினேன். "புது இனமா இருக்கலாம்மா. காலைப் பிரிச்சு வரைஞ்சு அனுப்பு" என்றார். இருக்கலாம் என்று அவர் சொன்னதை 'புது இனம்தான்' என்று என் காது கேட்டுக்கொண்டது.

அப்புறம் என்ன, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிரியர் அறையில் மைசூர்பாகு கொடுத்தேன். முதல்வர் அழைத்துக் கைகொடுத்தார். அந்த உயிருக்கு மாவட்டத்தின் பெயரையே வைப்பது என்று முடிவு செய்து, ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தையே எழுதி முடித்துவிட்டேன். காலின் படம் ஒன்றுதான் பாக்கி.

எங்கள் ஆய்வகத்தில் தீபாவளிக்குப் பிறகு ஒரு உதவியாளர் புதிதாகச் சேர்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. கண்ணாடிச் சாமான்களைக் கழுவி அடுக்குவது அவர் வேலை. ஒரு நாள் நான் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருந்தபோது, "நானும் ஒரு தடவ பாக்கட்டா மேடம்?" என்று கேட்டார். "இது என்ன பொருட்காட்சியா? போய் வேலையைப் பாரும்மா" என்றேன். நான் அப்படித்தான். வாய்க்குப் பூட்டு கிடையாது என்று என் மாமியாரே சொல்வார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மாணவர்கள் போய்விட்டார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, ஃபார்மலினில் பதப்படுத்தி வைத்திருந்த அந்த ஆணை அதில் வைத்தேன். சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியைத் தீர்ந்துபோன பேனா ரீஃபிலில் செருகி இரண்டு கருவிகள் செய்து வைத்திருந்தேன். ஒன்றால் உடம்பை அழுத்திப் பிடித்து, இன்னொன்றால் காலின் அடியில் மெதுவாக நெம்பினேன். கால் கழன்றது. அப்பாடா என்று மூச்சை விட்டு, கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் குனிந்தேன்.

கால் இல்லை.

தகட்டை இந்த ஓரம் நகர்த்தினேன், அந்த ஓரம் நகர்த்தினேன். உடம்பு இருக்கிறது, மற்ற கால்கள் இருக்கின்றன, அந்த ஐந்தாம் ஜோடி மட்டும் இல்லை. மறுபடி பார்த்தேன். மறுபடியும். உலகத்திலேயே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது, அதைத் தொலைத்துவிட்டேன் என்று மனசு கத்தியது. கிளிசரின் சொட்டு பரவி ஊசியெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. துடைத்துவிட்டுத் தேடுவோம் என்று டிஷ்யூ பேப்பரை எடுத்தேன்.

"மேடம், தொடைக்காதீங்க!"

தூக்கிவாரிப் போட்டது. வாசலில் அந்த உதவியாளர். கையில் பக்கெட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்து யாரும் அந்தக் கல்லூரியில் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

"கைய அப்பிடியே வெச்சிக்கினு இருங்க. எந்திரிக்காதீங்க, மடிய ஒதறிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து முதலில் ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். என் சேலைத் தலைப்பை மெதுவாக எடுத்து இடுப்பில் செருகினார். பிறகு என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, "என்னா காணாம போச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"வாட்ச் கம்பெனில ஒம்பது வருசம் இருந்தேன் மேடம். ஸ்க்ரூ காணாம போச்சுன்னா நாங்க மொத மேஜைய தேட மாட்டோம். கையில இருக்கற சாமானத்தான் பாப்போம். அதுலதான் ஒட்டிக்கினு இருக்கும்."

என் கையிலிருந்த ஊசியை இரண்டு விரலால் வாங்கினார். அந்த விரல்கள் கொஞ்சம்கூட ஆடவில்லை. இன்னொரு தகட்டில் புதிதாக ஒரு சொட்டு கிளிசரின் விடச் சொன்னார். ஊசி முனையை அதில் அமிழ்த்தி, மிக மெதுவாக ஒரு சுற்று சுற்றி எடுத்தார். "இப்ப பாருங்க" என்றார்.

குனிந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. குமிழ் ஒன்று, தூசி ஒன்று. அப்புறம் ஓரத்தில், முழுசாக, ஒரு முள்கூட உடையாமல் என் கால். நான் டிஷ்யூவால் துடைத்திருந்தால் அது குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கத்தில் வைத்தார்.

நன்றியில் மனசு இளகிப்போய், "வாம்மா, நீயும் பாரு" என்றேன். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, சாதாரண இனத்தின் கால் படத்தைப் புத்தகத்தில் திறந்து பக்கத்தில் வைத்தேன். 'பார்த்தாயா, எவ்வளவு வித்தியாசம்' என்று பெருமையடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்ப உள்ளே பார்த்தார்.

"மேடம், இது இன்னும் முடியாத பீஸு மாதிரி இருக்குது."

"என்னது?"

"படத்துல இங்க ரெண்டு துண்டா இருக்குது பாருங்க. இதுல கோடு மட்டும் போட்டு உட்ருக்குது, வெட்டு உழல. கொக்கியும் இன்னும் நீட்டல. ரெண்டும் ஒரே பீஸுதான் மேடம். இது கடைசி வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்தது. நான் செக்கிங்லதான் இருந்தேன், பாத்தா தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. இளகிய மனசு எங்கே போனதோ தெரியவில்லை. "உனக்கு என்னம்மா தெரியும்? இது வாட்ச் சாமான் இல்ல, உசிரு. நான் ஆறு வருஷமா பாக்கறேன்" என்று வெடுக்கென்று சொன்னேன். "தப்பா சொல்லிருந்தா மன்னிச்சிக்கோங்க மேடம்" என்று அவர் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன கோட்டைத் தேடாமலே அது கண்ணில் பட்டது. கோப்பிபாட் முட்டையிலிருந்து வந்து, பல தடவை சட்டை உரித்து உரித்துத்தான் பெரியதாகும். கடைசிச் சட்டையைக் கழற்றும் வரை அதன் கால் முழு வடிவத்துக்கு வராது. இதை நானே இரண்டாம் ஆண்டு பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அந்த ஆணின் வால் பகுதியில் கணுக்களை எண்ணினேன். வளர்ந்த ஆணுக்கு ஐந்து இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன. முன்பு எண்ணியபோதும் நான்குதான் வந்தது. இரண்டு ஒட்டிப்போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, அதையும் புது இனத்தின் அடையாளம் என்று எழுதி வைத்திருந்தேன். கொம்பில் மடிப்பு இல்லாததும் கொக்கி மொண்ணையாக இருந்ததும் அது குஞ்சு என்பதால்தான். ஆசை கண்ணை மறைக்கும் என்பார்களே, எனக்கு எண்ணிக்கையையே மறைத்துவிட்டது.

இனி நான் சொல்லப்போவது வெட்கக்கேடு. படத்தை வரைந்து அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். கோட்டைக் கொஞ்சம் அழுத்தி முழு வெட்டாக வரைந்தால் போதும், வளர்ந்த ஆணின் கால் என்றே தோன்றும். பன்னிரண்டு நாளில் ஒரு அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் எதைக் கொடுப்பது? மைசூர்பாகு தின்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? இன்னொரு பக்கம், அந்த அம்மா சொன்னது தப்பாகவும் இருக்கலாமே என்று ஒரு நப்பாசை. அதைத் தீர்த்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. அதே மாதிரி குஞ்சுகளை உயிரோடு பிடித்து வந்து, அவை சட்டை உரிக்கிறதா, உரித்தால் என்னவாகிறது என்று பார்க்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு காலை அலுவலகக் கிளார்க்கைப் போனில் பிடித்து உதவியாளரின் எண்ணை வாங்கினேன். மூன்று மாதமாக ஒரே அறையில் வேலை செய்தும் அவர் எண் என்னிடம் இல்லை. "கூட வர முடியுமா?" என்று தயங்கிக் கேட்டேன். நேற்று நான் எரிந்து விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன் மேடம்" என்றார்.

தோப்புக்குள் நுழையும்போதே மோட்டார் சத்தம் கேட்டது. மாமரமெல்லாம் பூத்திருந்தது. பூவுக்கு மருந்தடிக்கத் தோப்புக்காரர் குட்டைத் தண்ணீரை டேங்கில் ஏற்றிக்கொண்டிருந்தார். மிச்சத்தையும் இறைத்துவிட்டு, மறுநாள் ஜேசிபி விட்டு வண்டல் எடுக்கப்போகிறாராம். குட்டையில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அதுவும் சேறாகக் கலங்கிக் கிடந்தது. "கொஞ்ச நேரம் நிறுத்துங்கய்யா" என்று கெஞ்சினேன்.

"ஏம்மா, இந்த சேத்துத் தண்ணில என்னா இருக்குது, தங்கமா? ஆளுங்க மருந்த கலந்து வெச்சிக்கினு நிக்கறாங்க" என்றார் அவர்.

நான் மதுரைப் பக்கத்துக்காரி. பதினைந்து வருடம் ஓசூரில் இருந்தும் எனக்குத் தெலுங்கும் ஓடாது, கன்னடமும் ஓடாது. உதவியாளர் அவரிடம் தெலுங்கில் மடமடவென்று ஏதோ சொன்னார். தோப்புக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மோட்டாரை நிறுத்தினார். "அர மணி நேரம். அதுக்கு மேல ஆவாது" என்றார்.

"என்ன சொன்னே?" என்று கேட்டேன். "மேடத்துக்குப் பரீட்ச, இதுல பெயிலானா வேல போயிடும்னு சொன்னேன்" என்றார் சிரிக்காமல்.

சேற்றில் இறங்கி வலையை இழுத்தோம். முதல் இழுப்பில் வெறும் சேறு. இரண்டாவதிலும் சேறு. ஓரத்தில் தெளிந்த இடமாகப் பார்த்து அவர் கையாலேயே தண்ணீரை மொண்டு மொண்டு வலையில் ஊற்றினார். மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியபோது எங்கள் கேனில் அரை லிட்டர் கலங்கல் இருந்தது. ஆய்வகத்துக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு சொட்டாகப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள், என் 'புது இன'த்தைப் போலவே நான்கு கணு உள்ள ஐந்து ஆண்கள் கிடைத்தன. உதவியாளர் தண்ணீர் பாட்டில் மூடிகளைக் கழுவி எண் போட்டு வரிசையாக வைத்தார். மூடிக்கு ஒன்றாக விட்டோம்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு செத்துக் கிடந்தன. மாலையில் இன்னொன்றும் போய்விட்டது. மீதி இரண்டும் அப்படியே இருந்தன. உண்மையைச் சொல்கிறேன், உரிக்காமல் இருக்கட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அவை அப்படியே இருந்தால் என் அத்தியாயம் பிழைத்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மதியம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு வாசலில் அவர் வந்து நின்றார்.

"மேடம், நாலாம் நம்பரு சட்டையைக் கழட்டிடுச்சு."

ஓடினேன். மூடியின் அடியில் கண்ணாடி போல ஒரு வெற்றுச் சட்டை கிடந்தது. பக்கத்தில் அது நீந்திக்கொண்டிருந்தது. வலது கொம்பில் அழகான மடிப்பு. ஐந்தாம் காலில் நீண்டு வளைந்த கொக்கி. வாலில் ஐந்து கணு. எந்த ஏரியிலும் கிடைக்கிற, முப்பது இடங்களில் நான் ஏற்கெனவே பார்த்துச் சலித்த, அதே சாதாரண இனம்.

அங்கேயே நின்றபடி வழிகாட்டிக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "நல்ல வேளைம்மா. இது அச்சாகியிருந்தா உன் பேரும் போயிருக்கும், என் பேரும் போயிருக்கும். அந்த அத்தியாயத்தை எடுத்துடு. குஞ்சு எப்படிப் பெரிசாகுதுன்னு நீ பார்த்ததையே எழுது, அதுவே புதுசுதான்" என்றார். அப்புறம் கேட்டார், "ஆமாம், யார் கவனிச்சது இதை?"

"நான்தான் சார்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, வாய் முந்திக்கொண்டது. "சபாஷ்" என்றார் அவர். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நாலடி தள்ளித் தொட்டியில் உதவியாளர் மூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்குமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் சத்தத்தில் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு கணுவுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்ட அதே ஆள்தானே நான்.

மிச்சமிருந்த எட்டு நாளில் ராத்திரி பகலாக எழுதி ஆய்வேட்டைக் கொடுத்தேன். ஆசிரியர் அறையிலும் விஷயத்தைச் சொன்னேன்; இரண்டு நாள் கேலி செய்தார்கள், மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். உதவியாளரிடம் இதைப் பேச வேண்டும் என்று தினமும் நினைப்பேன். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். சித்திரை கழிந்ததும் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

ஐப்பசியில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத்தான் எடுத்தார். "இந்த ஆய்வேட்டில் சிறந்த பகுதி இதுதான். இந்தத் தவறு உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். கூட்டத்தில் என் வழிகாட்டியும் இருந்தார். அன்று சொல்லிவிட்டேன். எங்கள் ஆய்வக உதவியாளர் கண்டுபிடித்தார், நான் அவரைத் திட்டினேன் என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். என் பெருந்தன்மைக்காகத் தட்டினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே மூக்கண்டப்பள்ளிக்குப் போனேன். வீட்டைக் காலி செய்துவிட்டு அத்திப்பள்ளிப் பக்கம் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தெருவிலேயே நின்று போன் செய்தேன். எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம். நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். தேர்வில் சொன்னதைச் சொன்னேன். அன்றைக்குப் போனில் பொய் சொன்னதையும் சொல்லி, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, ஆனா..." என்று இழுத்தேன்.

"நான் அங்கதானே நின்னுக்கினு இருந்தேன் மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை. "பாஸாயிட்டீங்கள்ல, சந்தோசம். பெல் அடிச்சிட்டாங்க, வெக்கிறேன்."

இனத்தைத் தப்பாக எழுதிவிட்டால் பத்து வருடம் கழித்துக்கூட ஒரு திருத்தம் போட்டுவிடலாம், புத்தகம் அதற்காகக் காத்திருக்கும். ஒரு மனுஷிக்கு அங்கேயே, அவர் கேட்கச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை ஒன்பது மாதம் கழித்து எங்கே போய்ச் சொன்னாலும் அது திருத்தம் ஆகாது என்பது எனக்கு அந்தத் தெருவில் நிற்கும்போதுதான் உறைத்தது.